ஹெர்பர்ட் டோலனுக்கு மாற்று ஆள்

1991 நவராத்திரியின் இரண்டாம் நாள் சாயங்காலம், டெக்ஸாஸ் சுகர் லேண்டில் பாலசுப்ரமணியன் வீட்டுக் கொலுவில் நான்காம் படியில் மட்டும் மழை பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் விடவே இல்லை. பெரிய மழை என்று சொல்ல முடியாது, நசநசவென்று தூறல்தான். மேல் படியில் கலசத்தின் மேல் ஒரு சொட்டு விழவில்லை. கீழ்ப் படியில் செட்டியார் கடை பரப்பியிருந்த பருப்பும் பச்சரிசியும் காய்ந்தே கிடந்தன. நான்காம் படியில் கிருஷ்ணர் கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றபடியால், சுண்டலுக்கு வந்த பெண்கள் இதை விசாலாக்ஷியின் கைவேலை என்றே எடுத்துக்கொண்டார்கள். "மோட்டாரை எங்க வெச்சிருக்கேள்? சத்தமே வரலையே!" என்று படிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். ஒயர் கியர் எதுவும் தென்படாததால், எவ்வளவு நீட்டாக மறைத்திருக்கிறாள் பார் என்று பொறாமைப்பட்டுக்கொண்டே வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனார்கள்.

காரணம் கிருஷ்ணர் அல்ல, அவர் பக்கத்தில் நின்ற சிப்பாய். கொலு வைக்கிற வீட்டில் வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது வாங்கியாக வேண்டும். அந்த வருஷம்தான் சென்னையில் பாங்கு ஆபீசர் வேலையை விட்டுவிட்டு, மூன்று வயசுப் பெண் ஹம்சாவையும் புடவைக்குள் சுற்றிய பொம்மைகளையும் தூக்கிக்கொண்டு புருஷனிடம் வந்து சேர்ந்திருந்தாள் விசாலாக்ஷி. டெக்ஸாஸ் முழுக்கத் தேடினாலும் கொலு பொம்மை கிடைக்காது. ஆகவே அடுத்த தெருவில் ஒரு கிழவி பழைய சாமான் விற்கப் போட்டிருந்த கேரேஜ் சேலில் போய், நாலங்குல ஈயச் சிப்பாய் ஒன்றை எடுத்து வந்தாள். தோளில் துப்பாக்கி, தலையில் அகலத் தொப்பி, தொப்பியின் ஒரு பக்க விளிம்பை மட்டும் மேலே மடித்துக் குத்தியிருந்தது. பெட்ரோலிய கம்பெனி இன்ஜினியரான பாலசுப்ரமணியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கௌபாய் மாதிரி இருக்கான். கௌபாய்னா மாடு மேய்க்கறவன்தானே? கிருஷ்ணர் பக்கத்துல வெச்சுடு, மாடெல்லாம் அங்கதான் இருக்கு" என்றார். தமிழ்நாட்டுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது.

மூன்றாம் நாள் காலையில் விசாலாக்ஷி ஈரம் துடைக்கப் போனபோது சிப்பாய் கண்ணைச் சிமிட்டி, "மாற்று ஆள் வந்தாச்சா?" என்று கேட்டார். இந்தியாவிலிருந்து வருகிற போன் கால் மாதிரி மெல்லிசான குரல், ஆங்கிலம்தான், ஆனால் யாருக்கும் பிடிபடாத ஆங்கிலம். குழந்தை ஹம்சாதான் முதலில் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னாள். விசாலாக்ஷி பயப்பட்டாளா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். பயப்பட எங்கே நேரம்? அன்றைக்குப் பதினெட்டுப் பேர் சுண்டலுக்கு வர இருந்தார்கள். "வரும்பா, வரும்" என்று சொல்லிவிட்டு, நன்றிகூறும் நாளுக்கு வெள்ளைக்காரர்கள் வான்கோழி வேக வைக்கிற அலுமினியத் தட்டு ஒன்றை அவர் காலடியில் தண்ணீர் பிடிக்க வைத்தாள். கொலுவுக்கு வந்தவர் யாரானாலும் சுண்டல் கொடுக்காமல் விடக்கூடாது அல்லவா, அவர் முன்னால் ஒரே ஒரு கொண்டைக்கடலையையும் வைத்தாள். அதை அவர் இரண்டு கையாலும் பிடித்து அரை மணி நேரம் தின்றார். அரைப் பைத்தியம் பிடிக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறது, ராணுவத்தில் பிஸ்கட்டும் ஜாமும் தவிர எதையும் கண்ணால் பார்த்ததில்லை என்றார்.

அவர் பெயர் ஹெர்பர்ட் டோலன். வயது இருபத்து மூன்று. ஆஸ்திரேலியக் காலாட்படையில் சாதாரணச் சிப்பாய். சேதி பரவி, சுகர் லேண்ட், ஹூஸ்டன் தமிழர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆண்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான், எத்தனை பேரைச் சுட்டீர்கள்? டோலன் ரொம்ப யோசித்து, பதினோரு தடவை சுட்டதாகவும் எதன் மேலாவது பட்டதா என்று தெரியாதென்றும் சொன்னார். கேட்டவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஊரில் கோதுமை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், 1916இல் பட்டாளத்தில் சேர்ந்தார். கப்பலில் எட்டு வாரம், அதில் பதினோரு நாள் வாந்தி. இங்கிலாந்தில் குளிரில் நாலு மாசம் லெஃப்ட் ரைட். பிரான்ஸுக்குப் போய் இறங்கியதும் பொன்னுக்குவீங்கி, மூன்று வாரம் ஆஸ்பத்திரி. லீவு முடிந்து ஒரு நாள் தாமதமாகத் திரும்பியதற்குத் தண்டனை. மிச்ச நாளெல்லாம் சேற்றில் நடப்பதற்கு மரப்பலகை சுமந்தார். "யுத்தமென்பது பெரும்பாலும் பலகை தூக்குவதுதான், சார்" என்றார். நம் ஆட்கள் சாஃப்ட்வேரில் இருப்பவர்கள், மாற்றி மாற்றி வேறு வேறு கிளையண்ட் ஊருக்கு அனுப்பப்படுகிறவர்கள், அவர்களுக்கு இது சுலபமாகப் புரிந்தது. பாலசுப்ரமணியன் ஆஸ்திரேலியாவுக்கு எழுதிப் போட்டதில், அங்கிருந்து மரியாதையான கடிதத்தோடு டோலனுடைய சர்வீஸ் ரிக்கார்டு நகல் வந்தது. விசாலாக்ஷி அதைப் புரட்டிப் பார்த்து, "மொத்தமே ரெண்டு பக்கம்தானா?" என்றாள். டோலனுக்கோ பெருமை தாங்கவில்லை. பொன்னுக்குவீங்கியைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார்களே என்றார். கடைசி வரியில் 1917 அக்டோபரிலிருந்து காணவில்லை என்று இருந்தது.

காணாமல் போகவில்லை, நின்றுகொண்டிருந்தார். பெல்ஜியத்தில் ஒரு மழை நாளில், இடிந்த சுவரின் மூலையில் அவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, "ஒரு மணி நேரத்தில் மாற்று ஆள் வருவான்" என்று சொல்லிப் போனார் கார்ப்பொரல். அதற்கப்புறம் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அதற்கப்புறம் கிருஷ்ணர் பக்கத்தில் நிற்கிறார். யுத்தம் முடிந்து எழுபத்துச் சொச்சம் வருஷம் ஆகிவிட்டது என்று பாலசுப்ரமணியன் என்சைக்ளோபீடியாவைப் பிரித்துக் காட்டினார். "சந்தேகமே இல்லை, சார். ஆனால் மாற்று ஆள் வரவில்லையே" என்றார் டோலன். அவர் ஆசைப்பட்டதெல்லாம் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் படுப்பது. மாற்று ஆள் வராமல் காவலாள் படுக்கக்கூடாது. கொலு முடிகிற விஜயதசமி சாயங்காலம் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். இந்த வீட்டில் அந்தச் சலுகை எப்போதும் மரப்பாச்சி ராஜாவுக்குத்தான். ஒன்பது நாள் நின்றதற்கே அவருக்கு ஓய்வு கிடைப்பதை டோலன் வருஷா வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒரு தடவை ஹம்சா மனசு கேட்காமல் இவரையும் படுக்க வைத்தாள். "மன்னிக்கணும் மிஸ், டியூட்டியில் இருக்கிறேன்" என்று எழுந்து நின்றுவிட்டார்.

மற்ற பொம்மைகள் அட்டிக்குக்கு ஏறின. டோலனையும் ஏற்றினால் சீலிங் ஊறிவிடும் என்பதால் அவருக்கு மட்டும் வருஷம் முழுக்க ஃபேமிலி ரூமில் ஒரு முக்காலி, மேலே தூறல், கீழே தட்டு. தட்டில் சேரும் சேற்றுத் தண்ணீரை விசாலாக்ஷி கொல்லையில் கருவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். டெக்ஸாஸ் குளிரில் ஒவ்வொருவர் வீட்டிலும் செத்துப்போகிற செடி, இவள் வீட்டில் இரண்டு ஆள் உயரம் வளர்ந்தது. எண்பத்து நான்கு குடும்பங்கள் அங்கேதான் கருவேப்பிலை பறித்தன. பறிக்க வருகிறவர்களிடமெல்லாம் டோலன், மாற்று ஆள் வந்தாச்சா என்று கேட்பார். சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோல் இதுவும் ஒரு விசாரிப்பு என்று எல்லாருக்கும் பழகிப்போயிற்று. வரும் வரும் என்று சொல்லிவிட்டு, பையை நிரப்பிக்கொண்டு போனார்கள். தமிழ்ச் சங்கத் தலைவர் கந்தசாமி, பல்லடம் பக்கத்துக்காரர், ஒளிவு மறைவில்லாமல் பேசுகிறவர். "அவரு நின்னா நமக்கென்னங்க கஷ்டம்? செடிக்கு நல்லதுதானுங்களே" என்றே சொல்லிவிட்டார்.

விசாலாக்ஷியும் நின்றுகொண்டுதான் இருந்தாள். புருஷனுடைய விசாவில் வந்தவள் வேலைக்குப் போகக்கூடாது. கிரீன் கார்டு ஒரு வருஷத்தில் வந்துவிடும் என்றார் வக்கீல். கம்பெனி மாறியது, ஃபைல் மாறியது, வக்கீல் மாறினார். "எனி டே நௌ" என்பது மட்டும் மாறவில்லை. பாலசுப்ரமணியன் ஆபீசுக்கும் ஹம்சா ஸ்கூலுக்கும் போனபின் அவள் முக்காலி பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டு, தன்னுடைய பாங்கில் எந்தெந்த கவுண்டரில் யார் யார் இருந்தார்கள் என்று அவரிடம் சொல்வாள். அவர் பலகை தூக்கிய கதையைத் திரும்பச் சொல்வார். அவளுடைய தமிழ் அவருக்கும் அவருடைய ஆங்கிலம் அவளுக்கும் பாதிதான் புரியும். பேச்சு ஒரு நாளும் நின்றதில்லை.

2000 செப்டம்பரில் கிரீன் கார்டு வந்துவிட்டது. தபால் பெட்டியடியிலேயே உறையைக் கிழித்துவிட்டு விசாலாக்ஷி ஓடிவந்து முதலில் சொன்னது புருஷனிடம் இல்லை, டோலனிடம். "வந்துடுத்துப்பா! வந்துடுத்து!" என்றாள். டோலன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, "ரொம்ப நாள் நின்றீர்கள், மேடம். போய்ப் படுங்கள்" என்றார். அவளுக்கு அங்கேயே அழுகை பொங்கிவிட்டது. சந்தோஷ அழுகை என்று பாலசுப்ரமணியன் நினைத்தார். வெட்கம் என்பதுதான் சரி. இத்தனை வருஷத்தில் எண்பத்து நான்கு குடும்பமும் இந்தப் பிள்ளையிடம் வரும் வரும் என்று சொல்லியதே தவிர, நான் வரேன் என்று ஒருத்தர் சொல்லவில்லையே. தானே சொல்லவில்லையே. வக்கீலை நாள் தவறாமல் திட்டிக்கொண்டே அதே வேலையைத்தான் அவளும் இவரிடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாத்து ஆளா யார் வேணா வரலாமா?" என்று கேட்டாள். ஹம்சா அதை ஆங்கிலத்தில் சொன்னாள். டோலன் யோசித்தார். இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. "ஆள் வேண்டும், மேடம். தைரியமெல்லாம் வேண்டியதில்லை. முழித்திருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

அந்த வருஷ விஜயதசமி சனிக்கிழமை. கூட்டத்துக்குக் கேட்பானேன். ஆரத்தி முடிந்ததும் விசாலாக்ஷி, காஞ்சிபுரம் பட்டுப் புடவையோடு நான்காம் படிக்குப் பக்கத்தில் போய் நின்று, "டோலன், நான் வந்துட்டேன். நீ போ" என்றாள். "எங்கே பார்க்கணும்?" டோலன் கேரேஜ் கதவுப் பக்கம் கை காட்டி, அங்கே ஒரு முறிந்த மரமும் அதற்கு வலது பக்கம் ஒரு பம்பும் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். பல் குத்துகிற குச்சி அளவு துப்பாக்கியை அவளிடம் ஒப்படைத்தார். அந்த நிமிஷமே தூறல் படியை விட்டுவிட்டு அவள் தலைக்கு மாறியது. "அம்மா, யுவர் சாரி!" என்று கத்தினாள் ஹம்சா. விசாலாக்ஷி கேரேஜ் கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டோலன் ஒவ்வொரு பூட்ஸாகக் கழற்றிக் கிருஷ்ணர் காலடியில் வைத்தார், துணிக் கிழிசலைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார், தலை சாய்வதற்குள் தூங்கிப்போனார். நாலங்குல ஆளுக்கு நல்ல குறட்டை. அந்த வருஷம் மரப்பாச்சி ராஜா நின்றுகொண்டே இருந்தார். ராஜாவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

ஒரு மணி நேரம் அறையில் ஒருவரும் சுண்டலைத் தொடவில்லை. விசாலாக்ஷியின் புடவைத் தலைப்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பாலசுப்ரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்க, அவரை முந்திக்கொண்டு கந்தசாமி தொடாத சுண்டலை அப்படியே வைத்துவிட்டு முன்னால் வந்தார். "நீங்க போங்கம்மா, நான் நிக்கறனுங்க" என்றார். குச்சியை வாங்கிக்கொண்டு, வழுக்கைத் தலையில் தூறல் விழ, கேரேஜ் கதவைப் பார்த்து நின்றார். முறை முடிந்து நகரும்போது, செடியைப் பற்றித் தான் பேசிய பேச்சை எல்லாரும் மறந்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். யாரும் மறக்கவில்லை, இன்றைக்கும் அதை வைத்துத்தான் அவரைக் கிண்டல் செய்கிறார்கள்.

மறுநாளே காவல் முறைக்கு எக்செல் ஷீட் தயார். வாரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு மணி நேரம், குடும்பத்துக்கு இரண்டு என்று கச்சிதமாக வகுபட்டது. விசாலாக்ஷி பாங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கேரேஜ் கதவைத் திறக்கிற நம்பர் எல்லாருக்கும் தெரியும், ரெயின்கோட் உள்ளே ஆணியில் தொங்கும், ஸ்டவ் மேல் காப்பி இருக்கும். டோலன் இன்னும் எழுந்திருக்கவில்லை, அவர் தூக்கம் கலையக்கூடாதென்று கிருஷ்ணரையும் அட்டிக்குக்கு ஏற்றவில்லை. வருஷக்கணக்கான தூக்கம், மெதுவாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நம் ஜனங்களின் நேரந்தவறாமையைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் விழா நாலு மணிக்கு என்று போட்டால் ஆறரைக்கு மைக் டெஸ்ட் நடக்கும். முகூர்த்தம் முடிந்து பந்திக்குத்தான் கல்யாணத்துக்கே போவார்கள். 2001 ஜூனில் ஹூஸ்டனில் வெள்ளம் வந்து ஃப்ரீவே ஃப்ரீவேயாக முழுகிப்போன அன்று காலை ஆறு மணிக்கு முறை டாக்டர் வாஞ்சிநாதனுடையது. போன் வேலை செய்யவில்லை. வரமாட்டார், வரவும் வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டு, இன்னொரு மணி நேரம் தானே நிற்பதாகக் கந்தசாமி சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து ஐம்பதுக்குக் கேரேஜ் கதவு திறந்தது. கார் வழியில் முழுகிவிட, நாலு மைல் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்திருந்தார் வாஞ்சிநாதன், கழுத்து வரை சேறு. "நான் வந்துட்டேன், நீங்க போங்க" என்று குச்சியை வாங்கிக்கொண்டார். கிருஷ்ணர் காலடியில் டோலன் ஒரு தடவை புரண்டு படுத்தார்.