பூங்கோதை எடுத்து வந்த ‘முடியாது’

பூங்கோதையின் அலுவலக அறையில் அவளுக்கே உட்கார இடம் இல்லாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது.

கோயம்புத்தூரில் கிரைண்டர் செய்யும் பட்டறை அவளுடையது. யார் எதைக் கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவாள். சொன்ன ஒவ்வொரு சரியும் அறையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கொழுந்தனாரின் சிமென்ட் மூட்டைகள் இருந்தன. உற்பத்தியாளர் சங்கத்தின் மேடை இருந்தது. பாலக்காட்டு டீலர் தன் மகள் கல்யாணத்தை அங்கேயே வைத்திருந்தார். பந்தி இன்னும் முடியவில்லை. பூங்கோதை மாடிப்படியில் உட்கார்ந்து தொழில் நடத்தினாள்.

தொழில் நடத்தும் பெண்களுக்கான பயிற்சிக்கு அவள் போனது அப்போதுதான். கடைசி நாளில் பயிற்சியாளர் எல்லோரையும் நிற்க வைத்தார்.

“இனிமே எதை வளத்துக்கப் போறீங்க? முன்னுரிமை ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க. ரெண்டு எடுத்தா பஸ்ல லக்கேஜ் டிக்கெட் போட்டுருவாங்க.”

ஊறுகாய்க் கம்பெனிக்காரி மேடைப் பேச்சை எடுத்துக்கொண்டாள். பனியன் ஏற்றுமதி செய்பவள் வங்கி மேலாளர் முன்னால் சாய்ந்து உட்காருவதை எடுத்துக்கொண்டாள். பூங்கோதை ‘முடியாது’ என்று சொல்வதை எடுத்துக்கொண்டாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ளக் கேட்டார். கொடுத்துவிட்டாள். இறங்கும்போது ஞாபகமாகத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை கொழுந்தனார் வந்து நின்றார்.

“அண்ணி, இந்தப் படிக்கட்டு சும்மாத்தானுங்களே இருக்குது? நான் எடுத்துக்கட்டுங்களா?”

படிக்கட்டும் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். அதை நம்பிக் கீழே எத்தனையோ பெண்கள் வேலை செய்கிறார்கள்.

“முடியாதுங்க.”

அவர் யோசித்தார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே அண்ணி. உங்க மனசு நோகக்கூடாதுன்னுதான் நானும் கேட்டுட்டே இருந்தேன்.”

மூட்டைகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு போனார். போகும்போது லேசாக விசிலடித்தார்.

சங்கத்துச் செயலாளரிடம் சொன்னாள். மேடை எழுந்து நடந்து போனது. அதன்மேல் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தவில்லை. டீலரிடம் சொன்னாள். பந்தியில் இருந்தவர்கள் இலையை மூடினார்கள். மணப்பெண் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப தேங்க்ஸ் சேச்சி. இனி எனக்கு வேலைக்குப் போகலாம்.”

அறை காலியானது. காலியான பிறகு கட்டடத்தைவிடப் பெரிதாக இருந்தது. கோடியில், சுவரை ஒட்டி, ஒரு பாசஞ்சர் ரயில் நின்றிருந்தது. கார்டு தன் கொடியை மடித்துக்கொண்டிருந்தார்.

“இது எப்ப வந்துச்சுங்க?” என்று கேட்டாள்.

“நிறுத்திக்கட்டுமான்னு கேட்டோம். சரின்னீங்க. இன்னும் கொஞ்ச நாள்...”

“முடியாதுங்க.”

“அப்ப கிளம்பிடறோம். நீங்க வர்றீங்களா?”

அவளிடம் எதையாவது கேட்டவர்கள் நிறையப் பேர். அவளை வரச் சொல்லிக் கேட்டவர் யாருமில்லை. பட்டறை மேற்பார்வை பார்க்கும் தெய்வானை அந்நேரம் வாசலில் வந்து நின்றாள். பூங்கோதை இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவளிடம் நீட்டினாள்.

“எத்தன நாளைக்குங்கக்கா?”

“தெரியல. கிரைண்டர் கல்லு வந்து எறங்குனா எனக்குப் போன் பண்ணாத. நீயே பாத்து எடு.”

“தப்பா எடுத்துட்டா?”

“அரைக்காது. அப்பத் தெரிஞ்சுரும்.”

தெய்வானை சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டாள். உடனே ஒரு சாண் உயரம் கூடினாள். இருவரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ரயில் சுவர் வழியாக மெதுவாகக் கிளம்பியது. வெளியே வெயில் இதமாக இருந்தது. டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

“எங்க போகணும்?”

“கிரைண்டரே பாக்காத ஊருக்குங்க.”

“நாலாவது ஸ்டேஷன்.”

“அங்க இட்லி சாப்பிடுவாங்களா?”

“சாப்பிடுவாங்க. கல்லு மாதிரி இருக்கும்.”

“அப்பச் சரிங்க” என்று சொல்லி, பூங்கோதை எதிர் சீட்டில் காலை நீட்டிக்கொண்டாள்.