லாஸ்ட் சுமோவின் ஒரே ரசிகன்

மட்டாஞ்சேரியில் எனக்கு ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. கீழே மூக்குக் கண்ணாடி விற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மாடியில் நானும் இரண்டு நண்பர்களும் உட்கார்ந்து, உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட பாண்டுகளைக் கேட்கிறோம். ராக் இசை ஆனாலும் சரி, ராக்குக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் எந்த வகை ஆனாலும் சரி. ஒருவர் போடும் பாண்டை இன்னொருவர் ஏற்கெனவே கேட்டிருந்தால், போட்டவர் தலைகுனிந்து எல்லோருக்கும் சாயா வாங்கித் தர வேண்டும். நாலாவதாக ஒரு வங்கி அதிகாரி சேர வந்தார். தங்கமான மனிதர். நாங்கள் போட்ட எல்லா பாண்டும் அவருக்குப் பிடித்துவிட்டதால் சேர்த்துக்கொள்ளவில்லை.

நண்பர்களில் சேவியர் என் பள்ளித் தோழன். தூத்துக்குடியிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறான். அவனுக்குப் பிடித்த பாண்டுகளைப் போட்டால், யாருக்கு என்ன ஆச்சு என்று பக்கத்துக் கடைக்காரர் ஓடி வருவார். இன்னொருத்தி ஸுப்ரியா, களமசேரியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோன பாண்டுதான் நல்ல பாண்டு என்பது அவள் கட்சி. நான் சங்கர்ராம். நாலு தலைமுறையாக இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பம். பேப்பர் மலையாளத்தில் படிப்பேன், எண்ணுவது தமிழில், திட்டுவது இரண்டிலும்.

நான் கொண்டாடும் பாண்டின் பெயர் லாஸ்ட் சுமோ. ஷில்லாங்கிலிருந்து மலைக் கிராமங்களுக்குப் போகும் கடைசி டாடா சுமோ ஜீப்பின் நினைவாக வைத்த பெயர். ராணுவத்தில் இருந்த சேவியரின் மச்சான் பல வருஷங்களுக்கு முன் அங்கிருந்து ஒரு கேசட் கொண்டுவந்தார். அப்போதே கேசட் செத்துப்போன சாமான். அதனாலேயே எனக்கு அந்த பாண்டின் மேல் மரியாதை கூடியது. சேவியர் தன் பட்டறையிலிருந்த பழைய டேப் டெக்கில் போட்டு அதை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். பிறகு கேசட் டீசல் வாளியில் விழுந்துவிட்டது. ஆக, இந்தத் தேசத்தின் தென்பகுதி முழுவதற்கும் லாஸ்ட் சுமோவின் ஒரே பிரதி என்னிடம்தான் இருந்தது. இதை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் கேட்காமலேயே சொல்லியிருக்கிறேன்.

அது எப்பேர்ப்பட்ட இசை! ஒவ்வொரு டிரம் அடியும், கதவைத் தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு விழுவதுபோல் விழும். கிடார் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு நடந்தே போகும். பாடுகிறவனுக்குக் கிணற்றின் ஆழத்திலிருந்து வரும் குரல். அந்த மலைகளில் பேசும் காஸி மொழியில் பாடியிருந்தான். எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் எல்லாம் புரிந்தது. புரிந்ததை இணையத்தில் ‘மலையின் துயரம்’ என்ற தலைப்பில் தொடர் கட்டுரையாக எழுதினேன். ஸுப்ரியா முதல் பகுதியைப் படித்தாள். மற்றப் பகுதிகளை நான் படித்தேன்.

மதுவந்தி, என் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் வீட்டில் அந்தப் பாட்டைப் போட்டவுடன் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பாள்.

“எழவாத்துப் பாட்டு” என்பாள். “யாரோ செத்துப்போனா சரி, எல்லா ஞாயித்துக்கிழமையுமா சாவா?”

போன வருஷம் லாஸ்ட் சுமோவின் பாட்டுகள் முதன்முதலாக இணையத்துக்கு வந்தன. உடனே அழுத்தினேன். துள்ளுகிற தாளம், குதிக்கிற கிடார். அதற்கு மேல் ஒரு பெண் உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தாள். அன்றே அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். விலைபோய்விட்டீர்கள், அந்த மகா பாடகனை எங்கே துரத்தினீர்கள், உடனே அவனைத் திரும்ப அழையுங்கள் என்று.

பதில் வந்தது. கேரளத்திலிருந்து எங்களுக்கு எழுதிய முதல் ஆள் நீங்கள்தான், ரொம்ப நன்றி. நவம்பரில் நண்பன் கல்யாணத்துக்காக பெங்களூரு வருகிறோம். அங்கிருந்து கொச்சிக்கு வந்து வாசிக்கலாமா? எங்கள் டிரம்மர் இதுவரை கடல் பார்த்ததில்லை.

எடுத்த எடுப்பில் எனக்குத் தோன்றியது, என் கண்டிப்பு வேலை செய்திருக்கிறது என்பதுதான்.

எர்ணாகுளத்தில் இறங்கச் சொல்லியிருந்தேன். ரயிலில் யாரோ சொன்னதை நம்பி ஆலுவாவிலேயே இறங்கிவிட்டார்கள். காரை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று பேர். கிடார் வாசிக்கும் கிட்போக், ஊரில் ஒரு பேக்கரி வைத்திருப்பவர். வாண்டா என்ற பெண், பேஸ் கிடார். டிரம்மர், நான் போனபோதே பெட்டியின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். வாண்டாவை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். புதிய பாட்டுகளைக் கெடுத்தவள். கேசட் உறையில் முதலில் இருந்த பெயர் கிட்போக் என்பதால், அந்த மகா பாடகன் அவர்தான் என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன். அவரை முன் சீட்டில் உட்கார வைத்து, வழி நெடுக ஆங்கிலத்தில் அவர் குரலைப் பற்றி அவருக்கே விளக்கினேன்.

“உங்க குரல்ல ஒரு கிணறு இருக்கு” என்றேன்.

“தேங்க் யூ சார்” என்றார்.

“அந்தக் கிணத்துல தண்ணி இல்லை. அதுதான் விசேஷம்.”

“தேங்க் யூ சார்.”

பின் சீட்டில் வாண்டாவின் தோள்கள் குலுங்குவதைக் கண்ணாடியில் பார்த்தேன். மலைக்காரிக்கே குளிருகிறதே என்று ஏசியை அணைத்தேன்.

நிகழ்ச்சி ஞாயிறு மாலை, கடை மாடியில். சேவியர் ஸ்பீக்கர் எல்லாம் கொண்டுவந்து இறக்கினான். அவன் பட்டறை ஆட்கள் வந்தார்கள், ஸுப்ரியாவின் மாணவிகள் வந்தார்கள், மதுவந்தி தன் பள்ளி டீச்சர்களோடு வந்தாள். அடுத்த கட்டிடத்து ஹோட்டலில் பரோட்டா போடும் தென்காசிக்காரர் சுப்புராஜ் மாலை வேலைக்கு முன் எட்டிப் பார்த்தவர், நாற்காலி காலியாக இருந்ததால் உட்கார்ந்துவிட்டார்.

நான் அறிமுக உரை ஆற்றினேன். மலை, பனி, மரணம், கிணறு என்ற வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். மரணத்தைத் தாண்டுவதற்குள் சுப்புராஜ் கை தூக்கினார்.

“அண்ணாச்சி, இன்னும் கொஞ்ச நேரத்துல நான் கல்லு பத்த வைக்கணும். பாட்டு உண்டா, இல்ல இதுதானா?”

உட்கார்ந்தேன். அவர்கள் ஆரம்பித்தார்கள். மைக்கின் முன்னால் வாண்டா நின்றாள். அதே துள்ளல், அதே குதிப்பு. மாணவிகள் கை தட்டினார்கள். பட்டறை ஆட்கள் தலை ஆட்டினார்கள். மதுவந்தி என்னைத் திரும்பிப் பார்த்து, பரவாயில்லையே என்பதுபோல் புருவம் தூக்கினாள். இரண்டு பாட்டுக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“கேசட்ல இருந்த முதல் பாட்டைப் பாடுங்க!”

கிட்போக் குழம்பினார். “சார், இப்ப வாசிச்சது அதுதான்.”

நான் பெருந்தன்மையோடு சிரித்தேன். ஒரு கலைஞன் தன் படைப்பையே மறந்துவிடுவது உண்டு. “இல்லை, பழைய வடிவம். நீங்க பாடினது.”

“நான் பாடினதே இல்லை சார். எனக்குப் பாட வராது.”

“அப்போ கார்ல நன்றி சொன்னீங்களே?”

“நீங்க அவ்வளவு அன்பா சொன்னீங்க. எப்படி மறுக்கிறது?”

ஸுப்ரியா என் பக்கம் குனிந்து, “சங்கரேட்டா, அந்தப் பாட்டைத்தான் ஒண்ணு போடுங்க. கேட்டுடலாம்” என்றாள்.

போனை ஸ்பீக்கரில் இணைத்துப் போட்டேன். டிரம் யோசித்து யோசித்து விழுந்தது. கிடார் நடந்து வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து அந்தக் குரல் எழுந்தது. நான் வழக்கம்போல் கண்ணை மூடினேன். திறந்தபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரம்மர் கொச்சிக்கு வந்ததிலிருந்து முதல்முறையாக முழுதாக விழித்திருந்தார். குச்சியால் தொடையில் தட்டிப் பார்த்தார்.

“ரொம்ப மெதுவா ஓடுது” என்றார்.

வாண்டா மைக்கைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். “அது என் குரல்.”

எனக்கு விளங்கப் பல விநாடிகள் ஆயின. சேவியருக்குச் சீக்கிரமே விளங்கியிருக்க வேண்டும். அவன் மேற்கூரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

“சேவியர்” என்றேன்.

“எடா, அந்த டெக்குல பெல்ட்டு கொஞ்சம் லூசா இருந்துச்சு, கேட்டோ.”

“கொஞ்சம்னா?”

“பெல்ட்டே இல்ல. ரப்பர் பேண்டு போட்டிருந்தேன்.”

முதலில் சிரித்தது மதுவந்தி. சிரித்து முடிக்க முடியாமல் பக்கத்து டீச்சரின் தோளில் சாய்ந்தாள். அதற்குப் பிறகு யார் சிரிக்கவில்லை என்று தேடித்தான் பார்க்க வேண்டும். விஷயம் புரிந்துகொள்ள சுப்புராஜ் மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

“அப்போ அண்ணாச்சி இத்தன வருசமா உருகுனது, இந்தப் பாப்பா குரலுக்கா? ரப்பர் பேண்டுல போட்டு இழுத்து?”

“ஆமா” என்றேன். வேறு என்ன சொல்ல?

கீழே போய், விற்காத பிரேம்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. வெட்கம் ஒரு பக்கம். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, யாரிடமும் சொல்ல முடியாதது. அந்தக் கிணற்று மனிதன் எனக்கு நெருக்கமானவன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரங்களில் வெளியே காருக்குள் உட்கார்ந்து அவனைத்தான் கேட்டேன். அவன் செத்தாலாவது அழலாம். அவன் பிறக்கவே இல்லை என்றால் என்ன செய்வது?

பாட்டை நிறுத்தக் கை நீட்டினேன்.

“நிறுத்தாதீங்க. முழுசா கேக்கணும்” என்றாள் வாண்டா.

கடைசி வரை கேட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. முடிந்ததும், “இந்த ஆள் என்னைவிட நல்லாப் பாடறான்” என்றாள். பிறகு என்னைக் கேட்டாள். “இது எதைப் பத்தின பாட்டுன்னு நினைச்சீங்க?”

கட்டுரையின் எட்டாம் பகுதியில் நான் விரிவாக எழுதியிருந்ததைச் சுருக்கிச் சொன்னேன். “மலைப்பாதையில் பனி. போன மகன் திரும்பி வரலை. அம்மா விளக்கோட நிக்கறா.”

“எங்க மாமா புது ஷூ வாங்கிக் கொடுத்தார். அதைப் பத்தி.”

“ஷூவுக்கு ஏதாவது ஆச்சா?” என்றேன், கடைசி நம்பிக்கையோடு.

“இல்லை. நல்லா இருந்துச்சு.”

அதற்கு மேல் யாரும் என் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. ஷூ பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள். நாற்காலிகள் சுவரோரம் போயின. கணக்கு டீச்சர்கள் ஆடினார்கள். பட்டறை ஆட்கள் ஆடினார்கள். சுப்புராஜ் மாவு அடிக்கும் கையோடு ஆடினார். ஹோட்டல் முதலாளி கீழே நின்று அவர் பெயரைக் கூவிக்கொண்டிருந்ததை யாரும் காதில் வாங்கவில்லை. நான் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கொள்கை உள்ளவன் அப்படித்தான் நிற்க முடியும். ஒரு கட்டத்தில் என் வலது கால் தாளம் போடுவதைப் பார்த்து, இடது காலால் அதை மிதித்தேன்.

மறுநாள் காலை அவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். டிரம்மர் கடலை நன்றாகப் பார்த்துவிட்டு, மணலில் படுத்துத் தூங்கினார். கிட்போக் என்னிடம் கிணற்றுக்காக மன்னிப்புக் கேட்டார். நான் அந்த மின்னஞ்சலுக்காக மன்னிப்புக் கேட்டேன். வாண்டா மெதுவாக ஓடும் அந்தப் பிரதியைத் தன் போனில் வாங்கிக்கொண்டாள். சாயங்கால ரயிலில் போனார்கள்.

அடுத்த ஞாயிறு எங்கள் சங்கம் கூடியது. லாஸ்ட் சுமோவை இந்தத் தெருவில் இப்போது பரோட்டா மாஸ்டர் வரை எல்லோரும் கேட்டுவிட்டதால், விதிப்படி நான் சாயா வாங்க வேண்டும் என்று சேவியர் வாதாடினான். ரப்பர் பேண்ட் போட்டவனுக்கு வாதாட என்ன உரிமை என்று கேட்டேன். ஸுப்ரியா நிதானமாகத் தீர்ப்புச் சொன்னாள்.

“ரெண்டும் வேற வேற பாண்டு சங்கரேட்டா. உங்களோடது எப்பவோ கலைஞ்சு போச்சு. ஒரே ஆல்பம்.” கொஞ்சம் பொறாமையோடு சொன்னாள் என்று நினைக்கிறேன்.

வீட்டில் நிலைமை வேறு. காலையில் தோசைக்கல் சூடாவதற்கு முன்பே மதுவந்தி லாஸ்ட் சுமோவைப் போட்டுவிடுகிறாள். புதிய பாட்டுகள், நிஜமான வேகத்தில். நான் பேப்பரோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன். நேற்று அவள் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

“கேட்டேளா, மூணாவது பாட்டுல நடுவுல ஒண்ணு சொல்றாளே, அதுக்கு என்ன அர்த்தம்?”

அந்த பாண்டைப் பற்றி இந்த வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி.

“வாண்டாகிட்ட எழுதிக் கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“வேண்டாம் வேண்டாம்” என்றாள் மதுவந்தி. “நேத்திக்கே நான் கேட்டாச்சு. உங்களுக்குத் தெரியுமான்னு பார்த்தேன்.”