கடையின் புகழ்

ஒன்பது நாளாக எல்லோரும் கதவுவரை வந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டி, "உஸ்தா இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இந்தத் தெருவில் உஸ்தா என்றால், அதாவது தொழிலில் கைதேர்ந்தவர் என்றால், முடிதிருத்தும் ரம்ஸி ஒருவர்தான். "கடைய எனக்கு வித்துட்டாரு, உள்ள வாங்க" என்பேன். "அப்புறமா வர்றோம்" என்பார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

பத்திரம் எழுதிய அன்று வக்கீல் வாசித்தார்: நாற்காலி மூன்று, கண்ணாடி இரண்டு, வெந்நீர்க் கெண்டி ஒன்று, கடையின் புகழ்.

"புகழா? அத எந்த அலமாரில வச்சிருக்காரு?" என்று நக்கலடித்தேன்.

"அவரத் தேடி வர்றவங்க இனி உங்களத் தேடி வருவாங்க. அதுக்கான வெல."

மற்றதெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு வரியின் விலைக்கு வரவில்லை. என் மனைவி நவாலின் வளையல்கள் அத்தனையும் அதற்குத்தான் போயின. நாற்காலியையாவது துடைத்து வைக்கலாம்.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. வெள்ளித் தொழுகைக்காக அலெக்ஸாந்திரியாவே முகம் மழித்துக்கொள்ளும் நாள். மீன்கடை ஷஹாத்தா நாலு பேரோடு வாசலில் நின்று அதே கேள்வியை ஆரம்பித்தார். அவர்களை விலக்கிக்கொண்டு ரம்ஸியே உள்ளே வந்தார். முகத்தில் பத்து நாள் தாடி. கை நடுக்கம் வந்துதான் கடையை விற்றார். ஆனால் நாற்பது வருஷமாக இன்னொருவர் கத்திக்கு அவர் முகத்தைக் கொடுத்ததில்லை என்பது ஊரறிந்த விஷயம். நேராக நடு நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற, ஃபிக்ரி? தண்ணி ஆறுது."

கத்தியை எடுத்தேன். என் விரல் ஆடியது. கண்ணை மூடியபடியே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நடுக்கம் என்னோடது. அத நான் உனக்கு விக்கல."

ஒரு கீறல் இல்லாமல் முடித்தேன். துண்டை எடுத்ததும் வாசலில் இருந்தவர்கள் "நயீமன், உஸ்தா!" என்று வாழ்த்தினார்கள். புதிதாக மழித்த முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல் போக எங்களுக்கு வராது.

அவர் வீடு இடப்பக்கம், நாலாவது வாசல். அவரோ வலப்பக்கம் திரும்பி, காபிக்கடை, மீன் சந்தை, டிராம் நிறுத்தம் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போனார். பத்திரத்தில் இதற்கு ஓர் எழுத்துகூட இல்லை.

"நயீமன், உஸ்தா! யாரு கை?"

"நம்ம ஃபிக்ரி கை!"

தெருமுனை வரைக்கும் அதுவே கேட்டது. அந்த மனுஷனுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?

"உஸ்தா, தண்ணி நல்லா சூடா இருக்கட்டும்" என்றார் ஷஹாத்தா. ரம்ஸிதான் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். அங்கே அவர் இல்லை. ஷஹாத்தா நடு நாற்காலியில், தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைச் சாய்த்திருந்தார்.