இது வேற வலி

“ஹார்ட் அட்டாக்தானே?” என்று அவன் மறுபடியும் கேட்டான்.

டாக்டர் வயதில் சின்னவர். முதல் தடவை பொறுமையாக, விளக்கமாகச் சொல்லியிருந்தார். இரண்டாவது தடவை சுருக்கமாகச் சொன்னார். இப்போது, துக்கத்தில் காது அடைத்துப் போனவர்களிடம் பேசுவதைப் போல, அவன் தோளில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். “ஆமாங்க. ஆம்புலன்ஸ்ல பேசிட்டுத்தான் வந்திருக்காங்க. இங்க வந்து சேர்ந்ததும் ஹார்ட் நின்னுடுச்சு. எவ்வளவோ பார்த்தோம்.”

“வேற எதுவும் இல்லையே?”

“வேற எதுன்னா?”

அவன் குனிந்து கையைப் பார்த்தான். கையில் இன்னும் கிரீஸ் இருந்தது. அவன் லிஃப்ட் மெக்கானிக்; லிஃப்ட் மேலே நின்று வேலை பார்த்துவிட்டு இறங்கியபோதுதான் போன் வந்தது. உங்கள் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறோம், உடனே வாருங்கள் என்று ஒரு பெண்குரல் சொன்னது. ஏன் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. இப்படி ஒரு போன் வந்தால் ஏன் என்பது தெரியும் என்றுதான் ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். வழி நெடுக அந்த நினைப்போடுதான் வண்டி ஓட்டி வந்தான்.

அக்காவைப் பார்த்தான். முகம் சாதாரணமாக இருந்தது. தலைமுடி ஈரமாக இருந்தது. வெளியே வந்து கையைக் கழுவினான். கழுவி முடித்ததும் பசித்தது. லேசான பசி அல்ல, நாலு நாள் பட்டினி கிடந்தவனின் பசி. கேன்டீனில் போய் இரண்டு பன்னும் டீயும் வாங்கி உட்கார்ந்தான்.

மனைவி ஓடி வந்தபோது அவன் வாய் நிறைய பன்னை வைத்துக்கொண்டிருந்தான். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். புருஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தாள்.

“ஹார்ட் அட்டாக்காம்,” என்றான் அவன்.

அவள் அவனையே பார்த்தாள். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் தட்டில் இருந்த இன்னொரு பன்னை எடுத்துப் பிய்த்துத் தின்ன ஆரம்பித்தாள். தின்று முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அக்கா முப்பது வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்தவள். பீஸ் கணக்கில் கூலி. குனிந்த தலை நிமிராமல் தைத்ததில் கழுத்தும் தோளும் முதுகும் ஒவ்வொன்றாகப் போயின. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையை விட்டதும் தம்பி வீட்டுக்கு, நாலாவது மாடிக்கு, வந்து சேர்ந்தாள். வலி கூடவே வந்தது. கொஞ்ச நாளில் வலிக்குத் துணையாக இன்னொன்றும் வந்தது. தலை வாரிக்கொள்வதை நிறுத்தினாள். டிவி பார்ப்பதை நிறுத்தினாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். படுத்திருந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் இன்னும் படுப்பாள்.

ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது தம்பி மனைவியிடம், கடையில் வெங்காயம் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னாள்: “நான் இல்லேன்னா இந்த ரூம் உங்களுக்கு ஆகும், இல்லம்மா?”

அந்த வாரமே அவன் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் ஒரு கை அகலத்துக்கு மேல் திறக்காதபடி கட்டை அடித்தான். உள்பக்கத் தாழ்ப்பாள்களைக் கழற்றினான், குளியலறை உட்பட. திருட்டுப் பயம் என்று காரணம் சொன்னான்.

“நாலாவது மாடிக்கு எந்தத் திருடன்டா ஏறி வர்றான்? அதுவும் நீ பார்க்கிற லிஃப்ட்டை நம்பி?” என்றாள் அக்கா. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அன்றிலிருந்து அந்த வீட்டில் குளிப்பவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே குளித்தார்கள்.

வலி மாத்திரைகளை வயிறு தாங்காது என்று ஆன கட்டத்தில்தான், பெரிய டாக்டர் ஒருவர் மாத்திரை மட்டுமே போதாது என்று சொல்லி அவளை வலி சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே ஆலோசகர் அம்மா ஒருத்தி, மனசும் முதுகும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுகின்றன, இரண்டுக்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றாள். தினமும் சின்னச் சின்ன வேலைகள், அதில் ஒன்றாவது பிடித்த வேலை. எல்லாவற்றுக்கும் நேரம் வைத்து, மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே.

அதுதான் அக்காவுக்கு வெகுநாள் பிடிபடாமல் இருந்தது. பீஸ் கணக்கில் வளர்ந்த உடம்பு. கொஞ்சம் நன்றாக இருக்கிற நாளில் வீடு முழுக்கத் துடைத்து, அலமாரியைக் கவிழ்த்து, போர்வைகளைத் துவைத்துப் போட்டுவிட்டு, அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க மாட்டாள். மூன்று நாளும் தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். ஆலோசகர் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் தம்பிதான் ஒருநாள் சொன்னான்: “அக்கா, ஓவர்லோடு மணி அடிச்சா லிஃப்ட் கெட்டுப் போச்சுன்னா அர்த்தம்? கடைசியா ஏறினவன் இறங்கணும், அவ்வளவுதான்.”

“அப்ப போர்வைய இறக்கி விடுறேன்,” என்றாள். அன்று போர்வை துவைக்கவில்லை.

பிறகு தண்ணீர்ப் பயிற்சி வந்தது. வெதுவெதுப்பான குளத்தில் மார்பளவு தண்ணீரில் நடப்பது, கையை வீசுவது, பின்பக்கமாக நடப்பது. கூட ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் எங்காவது ஒரு தீராத வலி. முடிந்ததும் துண்டைப் போர்த்திக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். முதல் மாதம் அக்கா யாரோடும் பேசவில்லை. இரண்டாவது மாதம் வீட்டுக்கு வந்து, கூட்டத்தில் இருக்கிற பஸ் டிரைவரைப் பற்றிக் குறை சொன்னாள். அவள் இன்னொரு மனிதரைப் பற்றிக் குறை சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது. அவன் மனைவி அதைச் சமையலறையில் நின்று கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டாருக்கும் ஆலோசகர் ஒரு விதி வைத்திருந்தாள். வலி எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது. இன்று என்ன செய்தாய் என்று கேட்க வேண்டும். அவன் நாக்கைக் கடித்துப் பழகிக்கொண்டான்.

இப்போது உடலைக் கூடத்தில் கிடத்திவிட்டு, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது, அந்த விதிதான் அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் கிடைத்த ஆறுதல் மெல்லக் கரைந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு அக்கா இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, “இன்னைக்கு என்ன பண்ணே?” என்று கேட்டான். அவள் பட்டாணி உரித்ததாகச் சொன்னாள். அதோடு பேச்சு முடிந்தது.

அது இதயமாக இருந்திருக்குமோ? வலியைச் சொல்லாதே, சொல்லாதே என்று நாமே அவள் வாயை அடைத்துவிட்டோமோ? அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்கு அடியில் கிடந்தது. இன்று காலை நெஞ்சு வலித்தபோது, இதுதான் வழி என்று அவளே பேசாமல் இருந்துவிட்டாளோ? கையை வைத்து எதுவும் செய்துகொள்ள வேண்டியதில்லை. சும்மா இருந்தாலே போதுமே.

மனைவியைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று போனான். அவள் கண் வீங்கி, யாருக்கோ தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டான்.

மதியத்துக்கு முன் குளத்துக் கூட்டம் வந்தது. ஒருவர் கைத்தடியோடு, ஒருத்தி கழுத்துப் பட்டையோடு, மெதுவாக, லிஃப்ட்டில் இரண்டு தவணையாக ஏறி வந்தார்கள். பயிற்சி தருகிற பெண் கடைசியாக வந்தாள். போனில் கேட்ட குரல் அவளுடையது. அக்காவோடு ஆம்புலன்ஸில் போனவளும் அவள்தான். அவளுடைய மேலதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்து ஏதோ எழுதி வாங்க அழைத்துப் போய்விட்டதால் அவனைப் பார்க்க முடியவில்லை என்று வருத்தப்பட்டாள்.

அவன் அவளையும் டிரைவரையும் அக்காவின் அறைக்குள் அழைத்துப் போனான். கதவைச் சாத்தினான்.

“காலையில என்ன நடந்துச்சு?” என்று கேட்டான். “எதையும் மறைக்காம சொல்லுங்க.”

டிரைவர்தான் ஆரம்பித்தார். பின்பக்கமாக நடக்கிற பயிற்சியாம். அவர் கோணலாகப் போய் இடித்துக்கொண்டாராம். “முப்பது வருஷம் பஸ் ஓட்டினவருக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியலையேன்னு கேட்டாங்க தம்பி. எல்லாரும் சிரிச்சோம். நான் பதிலுக்கு ஏதோ சொல்லத் திரும்புறேன், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.”

“நான் பக்கத்துல போனேன்,” என்றாள் பயிற்சிக்காரி. “வலியான்னு கேட்டேன். வலிதான், ஆனா இது நம்ம வலி இல்ல, இது வேறன்னாங்க.”

அவன் அசையாமல் நின்றான்.

“நாங்க வகுப்புல அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வோம். பழைய வலி எதுன்னு நல்லாத் தெரிஞ்சுக்கங்க, புதுசா ஒண்ணு வந்தா உடனே வாயைத் திறங்கன்னு. எத்தனையோ பேர் குழப்பிக்குவாங்க. அவங்க குழப்பிக்கல. ஆம்புலன்ஸைக் கூப்பிடுன்னு அவங்களே சொன்னாங்க.”

“அவளேவா?”

“அவங்களேதான். உங்களுக்குப் போன் போடவான்னு கேட்டேன். வேணாம், அவன் இந்நேரம் லிஃப்ட் மேல நின்னுக்கிட்டிருப்பான், பதறிக் கால் வழுக்கி விழுந்துடப் போறான், இறங்கின பிறகு சொல்லிக்கலாம்னாங்க. அதான் உங்களுக்குச் சொல்லத் தாமதமாச்சு.”

டிரைவர் மூக்கை உறிஞ்சினார். தண்ணீரிலிருந்து தூக்கும்போதுகூட, மெதுவா எடுங்கய்யா, லக்கேஜ் மாதிரி ஏத்தாதீங்க என்று அவள் சொன்னதாகச் சொன்னார்.

“வண்டியில?” என்றான் அவன்.

“வண்டியில என் கையப் பிடிச்சிருந்தாங்க. சிக்னல்ல நின்னதும் அவங்களுக்குத் தாங்கல. முன்னாடி எட்டிக் குரல் கொடுத்தாங்க. சீக்கிரம் போங்கப்பா, சீக்கிரம் போங்கன்னு.”

“சீக்கிரம் போகச் சொன்னாளா?”

“ஆமாங்க.”

“யாரு, அக்காவா?”

“ரெண்டு மூணு தடவ சொன்னாங்க. நானே சரியாயிடும்மான்னு சமாதானப்படுத்தினேன்.”

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று டிரைவர் முதுகைத் தடவக் கையை நீட்டினார். கை பாதியில் நின்றது. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சத்தமில்லாமல், கண்ணில் நீர் வழிய, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பயிற்சிக்காரி ஜன்னலைப் பார்த்தாள், அது திறக்கிற அளவையும் பார்த்தாள்.

கூடத்திலிருந்து மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “என்னங்க?” என்றாள்.

“ஆம்புலன்ஸ் டிரைவரை எங்கேயும் நிக்காம சீக்கிரம் ஓட்டச் சொல்லியிருக்கா,” என்றான்.

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வெளியே நின்றவர்களிடம், அவரைக் கொஞ்ச நேரம் விடுங்கள், அக்காவும் தம்பியும் ரொம்ப ஒட்டுதல் என்றாள்.

தகனக் கூடத்தில் எல்லாம் சீக்கிரமே முடிந்தது. அவன் செய்ய வேண்டியதைச் செய்தான், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போட்டான். குளத்துக் கூட்டம் கடைசி வரை நின்றது. உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லோருமாக இடத்தை மாற்றி, நாலடி நடந்து, மறுபடி நின்றார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

வீட்டுக்கு வந்து குளித்தான். பாடாமல் குளித்தான், யாரும் கதவைத் தள்ளவில்லை. கூடத்தில் சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்தான்.

வாடகை நாற்காலிகளைத் திருப்பி எடுத்துப் போக ஆட்கள் வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வந்த வேகத்தில் ஒருவன் நாலைந்தைச் சேர்த்துத் தரையில் இழுக்கப் போனான். மனைவி வேகமாக வந்து கையைக் காட்டித் தடுத்தாள்.

அவன் வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆட்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார்கள். நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் தூக்கி, நீட்டிக் கிடந்த அவன் கால்களைத் தாண்டி, ஒன்றோடொன்று இடிக்காமல் வெளியே கொண்டுபோய் வைத்தார்கள்.