இருவர் ரத்தத்தில் இருந்த பிழை

தமிழ்ப் பெருமக்களே, முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் என்னோடு வாருங்கள். தில்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலா என்னும் சாக்கடைக் கால்வாயின் ஓரம், மதராசி கேம்ப் குடிசைகளின் நடுவே ஒரு வேப்பமரம் நிற்கிறது. 1983ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசி ஞாயிறன்று, அதன் அடியில் ஒரு பெண்ணின் வாழ்வை அறுத்துவிடும்படி அவளைப் பெற்றவளே பஞ்சாயத்தைக் கேட்டாள். அந்த அநீதிக்கு நீங்கள் சாட்சியாக வேண்டும்.

அவள் பெயர் பவுனு. வயது இருபத்திரண்டு. தம்பி அந்நியத்தில் பெண்ணெடுக்கலாகாது என்று தாய் முத்தம்மா, மகளைப் பதினாறு வயதிலேயே தன் உடன்பிறந்த தம்பி தர்மனுக்குக் கட்டிவைத்தாள். முதல் குழந்தை வெளுத்து, வயிறு வீங்கி, ஒன்றரை வயதில் மாண்டது. இரண்டாவது பெண் குழந்தை இந்திராணிக்கு மாதந்தோறும் பிறர் ரத்தம் ஏற்றினால்தான் உயிர் தங்கும். பவுனுவின் வயிறு பாழ் என்று கேம்ப் தீர்ப்பெழுதியது. அவளை விலக்கிவிட்டு, அவள் தங்கை வடிவைத் தர்மனுக்குக் கட்டுவது என்று முத்தம்மா முடிவுசெய்தாள்.

பஞ்சாயத்துக்குப் பத்து நாள் முன்பு, ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜலஜா தர்மனையும் பவுனுவையும் உட்காரவைத்துப் பேசினார். குழந்தையின் நோய் தலசீமியா. தர்மன், பவுனு, குழந்தையைத் தூக்கிவந்த வடிவு, எல்லாருடைய ரத்தத்தையும் அவர் சோதித்திருந்தார். முத்தம்மாவின் முடிவைப் பவுனு அவரிடம் முன்பே சொல்லியிருந்தாள்.

"தர்மன், நீங்க கொத்தனார்தானே? கட்டடத்தோட நக்ஷா, அதான் பிளான், எங்க இருக்கும்?"

"எஞ்சினீயர் ஆபீசுல பூட்டி வெச்சிருப்பாங்கம்மா. மேஸ்திரி அதப் பாத்து அளவ ஒரு சீட்டுல எழுதியாருவாரு. அந்தச் சீட்டப் பாத்து நாங்க கட்டுவோம்."

"நக்ஷாலயே அளவு தப்பா இருந்தா?"

"சீட்டும் தப்பு, செவுரும் தப்பு. கொத்தனார ஏசி இன்னா பண்றது?"

"உடம்பும் அப்படித்தான்" என்றார் டாக்டர்.

அவர் விளக்கியது இது. நம் உயிரணுவின் உட்கருவில் மரபுச் செய்தி நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டிருக்கிறது. மூலம் வெளியே வருவதில்லை. நகல் மட்டுமே வருகிறது. அந்த நகலை உயிரணுவின் நுண்ணிய பட்டறைகள் மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துப் புரதச் சங்கிலியை ஆக்குகின்றன. ரத்தத்தைச் சிவப்பாக்கும் புரதமும் இப்படித்தான் உருவாகிறது. இந்தக் குடும்பத்தில் அந்தச் செய்தியின் ஓர் எழுத்து பிழை. ஆகவே நகலும் பிழை. சங்கிலி முழுமை பெறுவதில்லை.

"அந்த நக்ஷா எல்லாருக்கும் ரெண்டு இருக்கும், அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. உங்களுக்கு ஒண்ணு சரி, ஒண்ணு தப்பு. பவுனுக்கும் அதேதான். சரியான ஒண்ணை வெச்சுண்டு நீங்க ரெண்டு பேரும் நடமாடறேள். குழந்தைக்கு ரெண்டுமே தப்பா வந்துடுத்து."

"அப்ப எங்கிட்டயும் கொற இருக்குதா?"

"பாதி உங்களோடது. வடிவு ரத்தத்துலயும் அதே தப்பு இருக்கு. இவளைக் கட்டிண்டாலும், பொறக்கற ஒவ்வொரு குழந்தைக்கும் இப்படி ஆக நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு."

தர்மனுக்குப் புரிந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

ஞாயிறன்று பஞ்சாயத்தில் பவுனு இதை அப்படியே சொன்னாள். ஆண்கள் சிரித்தார்கள்.

"ஆம்பள ரத்தத்துல கொறையா?" என்றார் நாட்டாமை லட்சுமணன். "அச்சா, இனிமே டாக்டரம்மாவயே நாட்டாமையா வெச்சிக்கலாம்."

முத்தம்மா எழுந்தாள். "நான் பெத்தது ரெண்டு. ஒண்ணு சொத்தையாப் பூட்டுது. இன்னொண்ணு கீது, எந்தம்பிக்குத் தரேன். ஊரான் பொண்ணு எதுக்கு?"

"எம்மா, நீயும் மாமாவும் ஒரே வயித்துல பொறந்தவங்க. அந்தத் தப்பு ஒன் வழியாத்தான் எனக்கும் வடிவுக்கும் வந்துது" என்றாள் பவுனு. "அப்ப மொதல்ல ஒன்னத்தான அத்துவுடணும்?"

"வாய மூடுடி."

பவுனு கணவன் பக்கம் திரும்பினாள். "மாமா, டாக்டரம்மா சொன்னப்ப நீயும் இருந்த. ஒரு வார்த்த சொல்லு, போதும்."

இருபது ஆண்களின் முன்னால் 'பாதி என்னுடையது' என்று சொல்வதைவிட ஒரு பெண்ணைத் தெருவில் தள்ளுவது அவனுக்கு எளிதாக இருந்தது. மணவிலக்குக்கு அவர்கள் சாதி வழக்கம் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடுவது. லட்சுமணன் நீட்டிய துரும்பைத் தர்மன் வாங்கினான், கிள்ளினான், போட்டான். பவுனு குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மாற்றுச் சேலைகூட எடுக்காமல் கேம்பை விட்டு நடந்தாள். குழாயடியில் குடத்தோடு நின்ற வடிவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆவணி இரண்டாம் வெள்ளி காலையில் வடிவுக்குத் தாலி கட்ட நாள் குறித்திருக்கிறார்கள். கிட்வாய் நகரிலும் மோதி பாக்கிலும் குடியிருக்கும் கற்றவர்களே, இது குடிசைக்காரர் வழக்கம் என்று ஒதுங்காதீர்கள். அக்காள் மகளை முறைப்பெண் என்று பேசி முடிப்பவர்கள் உங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். தாலியேறும் முன் கேம்புக்கு வந்து நில்லுங்கள். "உனக்குச் சம்மதமா?" என்று வடிவைக் கேளுங்கள். அந்தத் திருமணத்தைத் தடுத்து நிறுத்துங்கள். வருவதற்கு முன், உங்கள் ரத்தத்தையும் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.