மூன்றாவது வரி

என் மனைவி இறந்துவிட்டாள் என்று ஊருக்கு அறிவித்தவன் நான்தான். அப்போது அவள் எனக்கு நேர் மேலே சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். நான் கீழே நிலவறையில் ட்ராம்போன் ஊதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மொரேவியன் கிறிஸ்தவ சபையில் யாராவது இறந்தால் நாலைந்து பேர் தேவாலய மணிக்கூண்டில் ஏறி, இழுத்து நீட்டும் பித்தளைக் குழலான ட்ராம்போனை ஊதுவார்கள். மூன்று பாட்டு. முதலும் கடைசியும் எல்லோருக்கும் பொது. நடுவில் வருவதுதான் ஆளைச் சொல்லும். கல்யாணமான ஆணுக்கு ஒன்று, கல்யாணமான பெண்ணுக்கு ஒன்று, விதவைக்கு ஒன்று, மனைவியை இழந்தவனுக்கு ஒன்று. பாட்டுக்குப் பேர் சொல்ல மாட்டோம், நம்பர்தான். கல்யாணமான பெண் என்றால் எழுபத்தொன்பது ஏ. யார் உடம்புக்கு முடியாமல் இருக்கிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். நடுப்பாட்டு முடிவதற்குள் கடைத்தெருவில் நிற்பவர்கள் ஆள் யாரென்று சொல்லிவிடுவார்கள்.

என் மனைவி வெர்னாவுக்குக் கணையத்தில் புற்றுக்கட்டி என்பதும் ஊருக்குத் தெரியும். அதனால் நிலவறை ஜன்னல் வழியாக எழுபத்தொன்பது ஏ வெளியே போனதும், எதிர்வீட்டு எல்டா தன் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு அழுதபடி வந்து கதவைத் தட்டினாள். வெர்னாவே போய்த் திறந்தாள். மேலே நடந்ததெல்லாம் எனக்குக் கீழே கேட்டது.

"என்னடி, பேயப் பாத்தவ மாதிரி நிக்கிற?"

"வெர்னா! நீ... லாயிட் ஊதினாரே!"

"அந்தாளு பழகுறாரு. நான் இன்னும் கெளம்பல. சட்டியில என்ன?"

"கோழியும் நூடுல்சும்."

"எனக்கா?"

"இல்லடி, லாயிடுக்கு. பாவம், தனியாளா சோத்துக்கு என்ன பண்ணுவாருன்னு..."

"நான் செத்து அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள என் புருஷனுக்குச் சோறு போட வந்துட்டியா? சரி, உள்ள வை."

எல்டா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. அவள் போன பிறகு வெர்னா படிக்கட்டில் நின்று கத்தினாள்: "லாயிட்! இவ்ளோ கேவலமா ஊதியும் எல்டாவுக்குப் பாட்டு புரிஞ்சிருக்கு. தேறிட்ட போ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே, சத்தம் வெளியே போகாமல் ஜன்னலில் ஒரு கம்பளியை மடித்து ஆணி அடித்தேன்.

அந்தப் பாட்டை நானாக எடுக்கவில்லை. அவள்தான் கேட்டாள். ஈஸ்டன் நகரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது வண்டியில் கேட்டாள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் படுப்பதில்லை. ஆண்கள் ஒரு புறம், பெண்கள் ஒரு புறம், இறந்த வரிசைப்படி. பிறந்ததிலிருந்து பார்த்து வந்த ஏற்பாடு, அதில் ஒரு குறையும் எனக்குத் தெரிந்ததில்லை.

"படுக்கத்தான் பக்கத்துல விட மாட்டாங்க," என்றாள் வெர்னா. "மணிக்கூண்டு மேல நின்னு எனக்கு நீ ஊது. நான் போயிட்டேன்னு வேற எவனும் சொல்ல வேண்டாம்."

நான் ட்ராம்போனைத் தொட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சின்ன வயதில், எழுத்துக் கூட்டிப் படிக்க வருவதற்கு முன்பே எனக்குச் சுரக் குறி தெரியும். பிறகு சிமென்ட் ஆலையில் சூளை வேலை. ஷிப்ட் மாறி மாறி வந்ததில் பயிற்சிக்குப் போவது நின்றது. அப்புறம் தூசி நெஞ்சில் ஏறியது. அப்புறம் மேல் பல்லெல்லாம் போய்ப் பல் செட் வந்தது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த பெட்டியைத் திறந்தபோது, இழுக்கும் குழாய் பிடித்துக்கொண்டு நகரவில்லை. வெந்நீர் விட்டுக் கழுவி, துணி சுற்றிய கம்பியை உள்ளே விட்டுத் தேய்த்து, எண்ணெய் போட்டு நகர்த்தினேன்.

குழாயை நகர்த்தியது சுலபம். உதடுதான் நகரவில்லை. ட்ராம்போனில் உதடு துடிக்க வேண்டும். என் உதடு மரத்துப்போன கால் மாதிரி கிடந்தது. கொஞ்சம் அழுத்தினால் பல் செட் கழன்று நாக்கில் விழும். பசை போட்டு ஒட்டினேன். சத்தத்தைவிட எச்சில் அதிகம் வந்தது. இரண்டு வரி ஊதினால் நாலு நிமிஷம் இருமல். ஆனால் கை மட்டும் எதையும் மறக்கவில்லை. எந்தச் சுரத்துக்குக் குழாயை எவ்வளவு நீட்ட வேண்டுமோ, அங்கே அது தானாகப் போய் நின்றது.

இலையுதிர் காலம் முடிவதற்குள் மற்ற பாட்டெல்லாம் ஒருவாறு வந்துவிட்டது. குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள். எழுபத்தொன்பது ஏ மட்டும் மூன்றாவது வரியில் உடைந்தது. அந்த வரியில் ஒரு சுரம் மேலே ஏறும். அதற்கு நெஞ்சு நிறையக் காற்று வேண்டும். குழுவை நடத்தும் மார்லின் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது.

"பிரதர் லாயிட், மத்ததெல்லாம் மனுஷன் மாதிரி ஊதுறீங்க. இது வந்தா மட்டும் டயர்ல காத்து போற மாதிரி போகுதே?"

"பல் செட்டு ஆடுது, மார்லின்."

"அந்தப் பல்லு பாட்டு பாத்துத்தான் ஆடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பல் ஆடவில்லை. அந்த இடம் வந்ததும் நான்தான் மூச்சை விட்டுவிடுகிறேன். எப்போது அப்படிச் செய்ய ஆரம்பித்தேன் என்று தெரியாது. நான் தயாராகாத வரைக்கும் அவள் போக முடியாது என்று எனக்குள் ஒரு கணக்கு. வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆனால் அந்தக் கணக்கை என்னால் அழிக்க முடியவில்லை.

ஒரு நாள் பயிற்சிக்கு வெர்னாவும் வந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு பின் வரிசையில் உட்கார்ந்தாள். திரும்பும்போது வண்டியில் போர்வையைக் கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பல்லு மேல பழி போடாத, லாயிட்," என்றாள்.

"நீ என்னத்தக் கண்ட?"

"நீ மூச்ச நிறுத்துற. இத்தன வருஷம் பக்கத்துல படுத்தவளுக்கு உன் மூச்சு தெரியாதா?"

"எனக்கு அது வராது, வெர்னா."

"வராதா? வேண்டாமா?"

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"நீ ஊதலேன்னா நான் சாகாம இருந்துடுவேனா? வேற ஒருத்தன் ஊதுவான், அவ்ளோதான். இன்னொண்ணு தெரியுமா? நான் போனதும் உன் நம்பரும் மாறிடும். கல்யாணமான ஆம்பளன்னு உனக்கு ஊத மாட்டாங்க. பொண்டாட்டி செத்தவன் பாட்டுதான். எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காது." மூச்சு வாங்க நிறுத்தினாள். "அத மாத்த முடியாது. இதையாவது ஒழுங்கா செய்."

பிப்ரவரியில் ஒரு காலை மார்லின் போன் செய்தார். பால்பண்ணை நவோமி, நல்லா இருந்தவள், தொழுவத்தில் விழுந்து இறந்துபோனாளாம். புருஷன் இருக்கிறார், அதனால் எழுபத்தொன்பது ஏ. குழுவில் ஒருவருக்குக் காய்ச்சல், நான் வந்தே ஆக வேண்டும். வெர்னா மருந்து போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் போனேன்.

மணிக்கூண்டுப் படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். மேலே காற்று வெட்டியது. குளிர்ந்த உலோகத்தில் உதடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஊதுவாயைக் கடைசி வரை கால்சட்டைப் பைக்குள் சூடாக வைத்திருந்தேன். முதல் பாட்டு முடிந்தது. மார்லின் தலையை அசைத்தார். நடுப்பாட்டு தொடங்கியது.

மூன்றாவது வரி வந்தது. இது நவோமிக்கு என்று நினைத்துக்கொண்டேன். நெஞ்சு திறந்துகொண்டது. அந்தச் சுரம் ஏறி, அசையாமல் நின்று, கூரைகளுக்கு மேலே போயிற்று. பக்கத்தில் நின்றவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். கீழே ரோட்டில் ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்கள் தெருப் பக்கம் திரும்பி நின்றார். வெர்னா என்று நினைத்துவிட்டார். இல்லை என்று அங்கிருந்து கத்த முடியாது. கடைசிப் பாட்டையும் ஊதினேன். கீழே இறங்கும்போது மார்லின் என் முதுகில் தட்டி, "இவ்ளோ நாள் இத எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்றார். இனி எனக்கு வராது என்று சொல்ல முடியாது.

வீட்டில் வெர்னா எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மருந்து மயக்கத்தில் ஒன்றும் காதில் விழவில்லையாம்.

"பெட்டியோட வர்ற. யாருக்கு?"

"பால்பண்ணை நவோமி."

"ஐயோ, அவளா! என்னைவிடச் சின்னவளாச்சே." கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப எழுபத்தொன்பது ஏ. எப்படி வந்துச்சு?"

நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"மூணாவது வரியில போயிடுச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் கோட்டைக் கழற்றி மாட்டுவதில் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இன்னும் பழகணுமா?"

"பழகணும்."

"எவ்ளோ நாளாகும்?"

"ஈஸ்டர் வரைக்கும் ஆகலாம்."

"சரி," என்றாள். "ஈஸ்டர் வரைக்கும் பாக்குறேன்."

காலைத் தூக்கிக் கட்டிலில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். போர்வையை இழுத்து மூடினேன். பிறகு நிலவறைக்கு இறங்கிப் போய், மேலே அவளுக்குக் கேட்கும்படி சத்தமாக, மூன்றாவது வரியைத் தப்பாக ஊதினேன்.