அண்ணனின் இடது கட்டைவிரல்

பதினோரு நாளாக அண்ணன் கண்ணை மூடவில்லை. தச்சர் தூங்காவிட்டால் என்ன ஆகும் என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்துபோனது. யாரும் கேட்காமலே இருபத்திரண்டு முக்காலி செய்தார். அவற்றை வைக்க ஓர் அலமாரி செய்தார். அலமாரி உள்ளே நுழையவில்லை என்று வாசல் நிலையை அறுத்தார். அப்படியும் இடம் போதாமல், தங்கை அக்குபங்சர் பார்க்கும் முன்னறைமேல் கண் வைத்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள என்னைத் தூங்க வை. இல்லேன்னா அறையை விட்டுடு, பலகை அடுக்கணும்” என்றார்.

தெரு ‘ஊசியக்கா’ என்று கூப்பிடும் தங்கைக்கு அந்த அறையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வெள்ளி மத்தியானம் அவரை இழுத்து வந்து மேசையில் படுக்கவைத்தாள். படுத்தாரே தவிர அடங்கவில்லை. பாதம் ஆடியது. விரல்கள் விளிம்பில் தாளம் போட்டன. கண், மேலே விட்டம் கோணலா என்று ஆராய்ந்தது.

அவள் தொழிலில் ஒரு கறார் உண்டு. ஊசிப் புள்ளியைத் தேட அளவுநாடா உதவாது. யார் உடம்போ, அவர் கட்டைவிரல் அகலம்தான் ஓர் அங்குலம். தன் விரலால் அடுத்தவர் உடம்பை அளக்கிறவர்களை அவள் ஓர் ஆளாகவே மதிப்பதில்லை. மேசை சுவரை ஒட்டிக் கிடந்ததால் கைக்கு எட்டியது அண்ணனின் இடது கைதான். அதன் கட்டைவிரல் அகலத்தைக் காகித நறுக்கில் குறித்துக்கொண்டாள். உள்கணுக்காலுக்கு மேலே மூன்று அளவு, மணிக்கட்டு மடிப்புக்கு மேலே இரண்டு. துடைத்தாள், ஊசியை இறக்கினாள்.

இடம் சரியாக இருந்தால் தூண்டிலில் மீன் கவ்வியதுபோல ஊசி பிடித்தவர் விரலுக்குத் தெரியும். படுத்தவருக்கு அந்த இடம் கனக்கும். இங்கே எதுவும் கவ்வவில்லை.

“கனக்குதாண்ணே?”

“போட்டுட்டியா என்ன?”

அரைமணி நேரம் அவர் படுத்தபடியே அந்த அறையில் எத்தனை பலகை அடுக்கலாம் என்று விளக்கினார். அவள் ஊசிகளை எடுத்துவிட்டு, அதே நறுக்கால் மறுபடி அளந்து, புது ஊசிகளைப் போட்டாள். இந்தமுறை அவருக்குப் பசித்தது.

தட்டோடு வந்த அண்ணி, நறுக்கைப் பார்த்தாள், கணவன் விரலைப் பார்த்தாள். முப்பது வருஷம் சுத்தியலடி வாங்கி அது துடுப்புபோல் தட்டையாகியிருந்தது. துடுப்பைத் தவறவிட்ட ஒரு படகை அந்த விரலாலேயே கரைசேர்த்தார் என்று சொல்கிறார்கள். பாதி தூரம்தான் என்பாள் அண்ணி. தங்கைக்குப் பார்த்துப் பார்த்துப் பழகி, கண்ணில் உறைக்கவில்லை.

“இந்த விரலையா அளவுக்கு எடுத்தே?” என்றாள் அண்ணி. “இதை வச்சு அளந்துதாம்மா எங்க வீட்டுல ஒரு கதவும் சாத்த வரல.”

தங்கை சுவரோரம் கிடந்த வலது கையை இழுத்து, புது நறுக்கில் குறித்தாள். பழைய அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். கணுக்காலில் முதல் ஊசி இறங்கியது. மீன் கவ்வியது.

“யாரோ கால்மேல பலகை வச்சாப்ல...” என்ற அண்ணன், எந்த மரப்பலகை என்று சொல்லாமலே தூங்கிப்போனார்.

ஊசிகளை எடுத்த பிறகும் தூங்கினார். சனி தூங்கினார், ஞாயிறு தூங்கினார். அறை மிஞ்சியது, மேசை போயிற்று. வந்தவர்களையெல்லாம் முக்காலிகளில் உட்காரவைத்துத்தான் ஊசி போட்டாள். அவர் குறட்டையிலேயே பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிட, ஊசி மிச்சமானது. அவளுக்கு மட்டும் பொட்டுத் தூக்கமில்லை. கால்மணிக்கு ஒருதரம் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். குறட்டை கேட்கும்போதும் வைத்துப் பார்த்தாள்.

திங்கள் காலை அண்ணன் எழுந்து சோம்பல் முறித்தார்.

“அறை உனக்குத்தாம்மா. கதவு மட்டும் கொஞ்சம் இழுத்துக்கிட்டு நிக்குது. இரு, ஒரு நிமிஷத்துல சரி பண்றேன்” என்று நிலையருகே போய் இடது கையைத் தூக்கினார்.

மூன்று நாள் தூங்காத தங்கை பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வலது கையால அளங்கண்ணே.”